பொம்மைக்கு என்ன ரகசியம் என்று கேட்ட மகனுக்கு

நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டலில் பிரிவு உபசாரச் சாப்பாடு, திங்கட்கிழமை துபாய் விமானம், அப்பாவையும் என்னையும் கூட்டிப்போகக் கார் வரும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்த விஷயத்த மட்டும் அன்னிக்கு எடுக்க வேணாம்மா, ஆபீஸ் ஆளுங்களும் வராங்க" என்கிறாய். ஒரு பெண்ணின் வேலையும் பேரும் போன கதைக்கு உன் வாயில் 'அந்த விஷயம்' என்றுதான் பெயர். நான் சாப்பாட்டுக்கு வரப்போவதில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். நர்ஸுகள் படிக்கிற ஒரு சின்னப் பத்திரிகைக்கும் இதை அனுப்புகிறேன். உன் பெயரோ உன் ஆஸ்பத்திரியின் பெயரோ இதில் இல்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், பேரை மட்டும் மாற்றுங்கள் என்றாள். சுகன்யா என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு இப்போதுதான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறவர். நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்ததைப் பார்த்து, "புள்ள ஊருக்குப் போவசொல்ல இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிகினு கீற? உன் புள்ளதானே, வுட்டுடு" என்றார். என் பிள்ளை என்பதால்தான் விட முடியவில்லை என்றேன். பையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பிவிட்டார். கோபம் வந்தால் அவருக்கு மீன் வாங்கத்தான் தெரியும். உனக்கு அதுகூட வராது. நீ கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லோரிடமும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு, ராயபுரத்தில் பிறந்தவன் என்று யாரும் கண்டுபிடித்துவிடாத ஒரு தமிழில் பேசுவாய். அதை நல்ல குணம் என்று நினைத்துப் பெருமைப்பட்டவள் நான்.

என்னைப் பற்றி நீ உன் நண்பர்களிடம் சொல்வது எனக்குத் தெரியும். எங்கம்மா பொம்மைக்கு ஊசி போட்டு டாக்டர் பட்டம் வாங்கினவங்க என்பாய். அவர்கள் சிரிப்பார்கள், நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அந்தப் பொம்மையிடம் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை. நான் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தேன். சேர்ந்த இரண்டாவது வருஷம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற ஒருவரை மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தார்கள். டியூட்டி டாக்டர் தொண்டைக்குள் குழாய் இறக்கினார். அது மூச்சுக் குழாய்க்குள் போகாமல் உணவு போகிற வழியில் போய்விட்டது. குழாயில் மாட்டிய காற்றுப் பையை அமுக்க அமுக்க நெஞ்சு எழும்பவில்லை, வயிறுதான் உப்பியது. எனக்கு அது தெரிந்தது. பையை அமுக்கிக்கொண்டிருந்ததே நான்தான். அந்த டாக்டர் கோபக்காரர், முந்தின நாள்தான் ஒரு நர்ஸை எல்லோர் முன்னாலும் வைத்துக் கிழித்திருந்தார். சொல்ல வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அவராகக் கவனித்துக் குழாயை மாற்றியபோது நேரம் போய்விட்டது. பிறகு அவர் சொன்னதைச் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வராந்தாவில் செத்துப்போனவருடைய பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எவ்வளவோ பாடுபட்டியேம்மா என்று அழுதாள்.

படித்து, பரீட்சை எழுதி, நர்சிங் கல்லூரியில் வாத்தியார் வேலைக்குப் போனதெல்லாம் அந்தக் கையை உதற முடியாமல்தான். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வியும் அதுதான். தப்பு நடப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஒரு நர்ஸ் ஏன் பேசாமல் நிற்கிறாள், எத்தனை நேரம் நிற்கிறாள், எதைச் சொல்லிக்கொடுத்தால் அந்த நேரம் குறையும். இதை உயிருள்ள நோயாளியை வைத்துச் சோதிக்க முடியாது. அதனால்தான் பொம்மை. கல்லூரியில் முதலில் வந்த டம்மிக்கு நெஞ்சில் ஸ்பிரிங் உடைந்திருந்தது, சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய ஸ்பிரிங்கைப் போட்டு ஓட்டினோம். பின்னால் வந்தது மூச்சு விடும், நாடி துடிக்கும், நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் உதடு நீலமாகும். மாணவிகள் உள்ளே வந்து சிகிச்சை செய்வார்கள், கேமரா பதிவு செய்யும், பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பதிவைப் பார்த்துப் பேசுவோம். அந்தப் பேச்சில்தான் படிப்பே இருக்கிறது. எங்கே தடுமாறினேன், ஏன் பயந்தேன், எதை மறைத்தேன் என்று பத்தொன்பது வயதுப் பெண்கள் வாயைத் திறந்து சொல்வார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பதற்கு முன்னால் எல்லோரும் எழுந்து நின்று, இந்த அறையில் நடப்பது இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று உரக்கச் சொல்வோம்.

நீயும் சொன்னாய். மறந்துபோனதாக நடிக்காதே. நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, நோயாளியின் சொந்தக்காரராக நடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. சனிக்கிழமைகளில் என்னோடு வந்து, டாக்டர் எங்க, எங்கப்பாவுக்கு இன்னா ஆச்சு என்று நீ போடுகிற சத்தத்தில் மாணவிகள் நடுங்கிப்போவார்கள். நன்றாக நடித்தாய். முடிந்ததும் ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் அழுவதைப் பார்த்திருக்கிறாய், தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்களோடு எழுந்து நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாய். என் ஆராய்ச்சிக்காகப் பதிவுகளை வெட்டி ஒட்டிக் கொடுத்ததும் நீதான். வீட்டுக் கூடத்தில் மேஜையில் உன் கம்ப்யூட்டர், பக்கத்தில் என் ஹார்ட் டிஸ்க். பட்டம் வாங்கியதும் அவ்வளவையும் அழித்துவிடுவேன் என்று கல்லூரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அழிக்கவில்லை. இன்னொரு கட்டுரைக்கு உதவும் என்று வைத்திருந்தேன். நீ ஒரு பிரதி எடுத்துக்கொண்டாயா என்று கேட்கவும் தோன்றவில்லை. உன்னைத் திட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். கதவைத் திறந்து வைத்தது நான். உள்ளே போய் எடுத்தது நீ.

சுகன்யா எண்ணூர்க்காரி. வீட்டில் முதலில் காலேஜ் படியேறினவள் அவள்தான். மூன்றாம் வருஷத்தில் அவளை உள்ளே விட்டு, வென்டிலேட்டர் குழாய் கழன்றதுபோலச் செய்து அலாரத்தை அடிக்கவிட்டேன். அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கை வரவில்லை, வாயும் வரவில்லை. பிறகு உட்கார்ந்து அழுதாள். அடுத்த வாரம் அவளாகவே வந்து இன்னொரு தடவை விடுங்க மேடம் என்றாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். கடைசிப் பதிவில் அலாரம் அடித்த மாத்திரத்தில் அவள் கை குழாயில் இருந்தது, வாய் உதவிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என் வகுப்பில் அவ்வளவு வேகமாக ஒருத்தி மாறி நான் பார்த்ததில்லை. படிப்பு முடிந்ததும் அவளுக்கு வேலை கிடைத்தது உன் ஆஸ்பத்திரியில். நீ அங்கே நிர்வாகத்தில் மேலே வந்துகொண்டிருந்தாய். என் மாணவி ஒருத்தி வருகிறாள், நன்றாகப் பார்த்துக்கொள் என்று உன்னிடம் சொன்னேன். பார்த்துக்கொண்டாய்.

நடந்தது உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிற நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இருந்ததை, மூன்று கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்று மாற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. சொந்தக்காரர்கள் சத்தம் என்று புகார் செய்வதால் அலாரத்தின் ஒலியைக் குறைத்து வைக்கவும் அதிலேயே சொல்லியிருந்தது. கீழே உன் கையெழுத்து. ஒரு நாள் பிற்பகல் மூன்று கட்டில்களுக்கும் சுகன்யா ஒருத்திதான். ஒரு நோயாளிக்கு இதயம் நின்று, டாக்டரோடு சேர்ந்து அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். தடுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் இன்னொருவருக்குக் குழாய் கழன்றது. அலாரம் அடித்திருக்கிறது, கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எந்தக் கையை எடுத்துவிட்டு ஓடியிருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. குழாய் கழன்றவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், தண்டையார்பேட்டைக்காரர், இன்னும் இரண்டு நாளில் வென்டிலேட்டரை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் போய்விட்டார்.

உங்கள் ஆஸ்பத்திரியில் விசாரணை என்று ஒன்று நடத்தினீர்கள். சுற்றறிக்கை அந்த மேஜைக்கே வரவில்லை. வந்தது என் வீட்டுக் கூடத்திலிருந்து போன பதிவு. அலாரம் அடிக்கும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சுகன்யா. படிக்கும்போதே இந்தப் பெண்ணுக்கு இந்தக் கோளாறு இருந்திருக்கிறது, மறைத்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று எழுதி அவளை வெளியே அனுப்பினீர்கள். அவளுடைய நர்ஸ் பதிவெண்ணையே ரத்து செய்யச் சொல்லி நர்சிங் கவுன்சிலுக்கும் புகார் போனது. கடைசிப் பதிவும் அதே டிஸ்கில்தான் இருந்தது. அவள் மின்னல் மாதிரி வேலை செய்கிற அந்தப் பதிவு. அதை வெட்டி ஒட்டினதும் நீதான், அது எங்கே இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். அதை நீ கொடுக்கவில்லை. இத்தனை நாளும் உனக்கு ஏதாவது ஒரு சாக்கு தேடிப் பார்த்தேன். இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. டீ போடட்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கேட்க வந்ததை நின்றபடியே கேட்டாள்.

"மேடம், நீங்கதான் குடுத்தீங்களா?"

எதை என்றேன்.

"அவங்க லேப்டாப்ல என் வீடியோ கீது மேடம். மூணாவது வருஷம் எடுத்தது. நான் அழுவுறது வரைக்கும் கீது. எல்லாரும் உக்காந்து பார்த்தாங்க. வெளிய போவாதுன்னு சொன்னீங்களே."

நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கூடத்து மேஜை என் கண்ணில் பட்டது. என் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது என்றேன். அவள் தன் போனில் இருந்த அந்தச் சுற்றறிக்கையைக் காட்டி, இதில் இருப்பது உங்கள் மகன் கையெழுத்துதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதை எனக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மதியமே பஸ் பிடித்து, மாறி மாறி ஏறி, ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற உன் ஃபிளாட்டுக்கு வந்தேன். நீ ஏ.சி.யைக் கூட்டி வைத்தாய், ஜூஸ் கொண்டுவந்தாய். நான் கேட்டதற்குப் பதில் சொல்லும்போதும் அதே சிரிப்பு.

"அம்மா, அதுல நோயாளியே இல்ல. அது ஒரு பொம்மை. பொம்மைக்கு என்னம்மா ரகசியம்?"

உன் முகத்தில் கிளாஸை வீசிவிடுவேனோ என்று பயந்து எழுந்து வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். ரகசியம் பொம்மையுடையது அல்ல. எண்ணூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பயத்தைக் காட்டியது உன்னையும் என்னையும் நம்பி. அந்தப் பயத்தை எடுத்துப்போய் உன் கையெழுத்தை மூடப் பயன்படுத்திக்கொண்டாய். ஆத்திரத்தில் செய்திருந்தால், அறியாமல் செய்திருந்தால் நான் அழுதிருப்பேன். நீ யோசித்துச் செய்திருக்கிறாய். அதனால் எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருக்கிறது.

கடைசிப் பதிவைக் கவுன்சிலில் காட்டிவிடலாம், அதைப் பார்த்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது என்று சுகன்யாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "எதையும் காட்டாதீங்க மேடம். நல்லா செஞ்சதோ தப்பா செஞ்சதோ, அங்க நடந்தது அங்கியே இருக்கட்டும். என் கண்ணு முன்னால அழிச்சுடுங்க." நான் சொல்லிக்கொடுத்த விதியை நானே உடைக்கப் பார்த்தபோது அவள் என்னைத் தடுத்தாள். கல்லூரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எல்லா மாணவிகளுடைய பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். எழுதலாம் என்று வைத்திருந்த கட்டுரையும் அதோடு போயிற்று. கையில் காட்ட ஒன்றுமில்லாமல் கவுன்சிலுக்குப் போனேன். பதிவு அவளுடைய சம்மதம் இல்லாமல் வெளியே போனது, அழிப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு நான் அழிக்கவில்லை, என் வீட்டிலிருந்து என் மகன் எடுத்துக் கொடுத்தான் என்று மட்டும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் மகனா என்று திரும்பக் கேட்டார். மகன்தான் என்றேன்.

அதற்குப் பிறகு புகாரைத் தள்ளிவிட்டார்கள். சுகன்யாவின் நர்ஸ் பதிவெண் தப்பியது. உங்கள் ஆஸ்பத்திரி அவளைத் திரும்ப எடுக்கவில்லை, இப்போது திருவொற்றியூரில் ஒரு சின்ன டயாலிசிஸ் நிலையத்தில் வேலை செய்கிறாள். என்னிடம் மரியாதையாகப் பேசுவாள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் என்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவுமில்லை. என்னைக் கல்லூரி ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டது. என்னிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இரண்டு பெண்களை வேறொருவரிடம் மாற்றினார்கள், லேபின் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். சரியான தண்டனைதான். ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம், அதுவரை முதல் வருஷ மாணவிகளுக்குப் படுக்கை விரிக்கவும் காய்ச்சல் பார்க்கவும் சொல்லித்தருகிறேன். போன வாரம் அவர்களுக்கு அந்த ஐஸ்காரரின் கதையைச் சொன்னேன். இத்தனை வருஷமும் 'ஒரு நர்ஸ்' என்று சொல்லிவந்த இடத்தில் முதல் தடவையாக 'நான்' என்றேன்.

உன்னை இப்படி வளர்த்தது யார் என்று யோசிக்காமல் இல்லை. ஆறாம் வகுப்பில் சயின்ஸ் லேப் அலமாரியின் கண்ணாடியை நீ உடைத்தாய். அடி வாங்கினது உன் பக்கத்தில் உட்காருகிற பையன். அவன் அடி வாங்கினான், நான் சும்மா இருந்தேன் என்று சாயந்திரம் என்னிடம் வந்து சொன்னாய். அப்போதெல்லாம் நீ சொல்வாய். டியூட்டி முடிந்து வந்து கால் வீங்கிக் கிடந்தேன். விடு நைனா, நாளைக்கு எல்லாரும் மறந்துடுவாங்க என்று சொல்லி உன் தலையைத் தடவினேன். மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். மறந்துவிடுவார்கள் என்பதை நீ என்னிடம்தான் கற்றாய். ஆனால் உனக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. என் தப்பு உனக்குச் சாக்காகாது.

இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் அல்ல. கவுன்சில் அலுவலகத்துக்கு அந்த லாரி டிரைவரின் மனைவி பவானியும் வந்திருந்தாள். அவளுக்கு உங்கள் ஆட்கள் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான், நர்ஸின் அஜாக்கிரதை. வெளியே படிக்கட்டில் சுகன்யாவைப் பார்த்ததும் வழியை மறித்தாள். "அவ்ளோ நேரம் மெஷினு கத்திகினு இருந்திச்சாமே. காது இன்னா செவுடா உனக்கு? என் புருசன் மூச்சுக்கு அலையசொல்ல நீ எங்கடி இருந்த?" சுகன்யா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் இரண்டு படி மேலே நின்றிருந்தேன். சுற்றறிக்கை என் போனில், போன் என் கையில். அவள் இன்னொருவர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், மூன்று பேருக்கு அவள் ஒருத்திதான், அலாரத்தைக் குறைத்து வைக்கச் சொன்னது வேறு ஆள் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். உள்ளே உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அது பதிவைப் பற்றி. இது சாவைப் பற்றி. சொன்னால் நீ ஜெயிலுக்குக்கூடப் போகலாம் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். ஆயுளில் பாதியை ஒரு நர்ஸ் ஏன் பேசாமல் நிற்கிறாள் என்று ஆராய்ச்சி செய்தவள், அன்றைக்கும் பேசாமல்தான் நின்றேன், உனக்காக.

நீ திங்கட்கிழமை போய்விடுவாய், பவானி சாகும்வரை சுகன்யாவைச் சபித்துக்கொண்டிருப்பாள், எல்லாம் தானாக அடங்கிவிடும் என்றுதானே கணக்குப் போட்டிருக்கிறாய். பவானியின் விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். தண்டையார்பேட்டையில் ஒரு குடோனுக்குப் பின்னால் இருக்கிற சந்து, வாசலில் நீல டிரம் வைத்த வீடு. சுற்றறிக்கையை அச்செடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். சுகன்யாவிடம் சொன்னேன், உங்க இஷ்டம் மேடம் என்றாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போகிறேன். நீ வந்தால் நீயே சொல், நான் பக்கத்தில் நிற்கிறேன். அவள் உன்னை அடித்தாலும் தடுக்க மாட்டேன். நீ வராவிட்டால் நான் சொல்வேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டுவேன். கீழே இருக்கிற கையெழுத்து யாருடையது என்று அவள் கேட்பாள். என் மகனுடையது என்று சொல்வேன்.